எலிக்குக் கட்டி வந்தால் போதுமா? – கேள்வி பதில்

கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸையே சுண்டெலிக்கு ஏற்றிப் பார்க்கலாமே, எலியின் மரபணுவை மாற்றுவானேன்?
– முதுகலை மாணவி, கொழிஞ்சாம்பாறை

மனித எச்.பி.வி. சுண்டெலியைத் தொற்றாது. அதனால்தான் அதன் புற்றுப் புரதங்களுக்கான ஈ6, ஈ7 மரபணுக்களை, தோல் போன்ற மேலடுக்குச் செல்களில் மரபணுவை இயக்கும் விசையான கெராட்டின் 14 புரமோட்டரோடு சேர்த்துக் கருவிலேயே நுழைக்கிறோம்.

எச்.பி.வி. தடுப்பூசியில் அந்தப் புற்றுப் புரதம்தான் இருக்கிறதாமே?
– வாசகர், பாலக்காட்டுச் சித்தூர்

இல்லை. அதில் இருப்பது எல்1 என்ற வைரஸ் மேலுறைப் புரதம். ஈ6, ஈ7 கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்ததை எனக்கு அனுப்புமுன் நீங்களாவது ஒருமுறை படித்திருக்கலாம்.

எங்கள் வைரஸ் புரதத்தின் மரபணுவை ஏற்றிய எலிகளில் பத்துக்கு ஏழில் ஈரல் கட்டி. விலங்குக்கூடத்துச் சாதாரண எலிகளில் இல்லை. ‘இப்புரதம் புற்று உண்டாக்கும்’ என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவர், செங்கோட்டை

எழுதக் கூடாது தம்பி. ‘சாதாரண எலி’ என்றால் எந்த ரகம், என்ன வயது, ஆணா பெண்ணா? கடிதத்தில் ஒன்றும் இல்லை. சி3எச் ரக ஆண் எலிக்கு எதையும் ஏற்றாமலே வயதானால் ஈரலில் கட்டி வரும். சி57 பிளாக் 6 ரகத்தில் அது குறைவு. ஒப்பீட்டு எலி, அதே தாய் அதே ஈற்றில் போட்ட, மரபணு ஏறாத குட்டியாக இருக்க வேண்டும். எத்தனை தடவைதான் இதை எழுதுவது! என் பார்வைக்கு வரும் ஆய்வேடுகளில் பாதி இங்கேதான் விழுகின்றன.

அப்புறம், உங்கள் பத்தும், மரபணு முதலில் ஏறிய ஒரே மூல எலியின் வம்சம் என்று தெரிகிறது. ஏற்றிய மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. நல்ல மரபணு ஒன்றை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கட்டிக்குக் காரணம் புரதமே அல்ல. குறைந்தது இரண்டு, மூன்று தனித்தனி வம்சங்களில் அதே முடிவு வரட்டும்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதக் கதை தெரியாதா? 1991-ல் அதன் மரபணுவை ஏற்றிய சிடி1 ரக எலிகளில் ஈரல் புற்று வந்தது. வேறு ஆய்வகங்களின் எக்ஸ் எலிகளில் ஒன்றுமே வரவில்லை. சிலவற்றில் புற்றூக்கி ரசாயனம் கொடுத்த பிறகுதான் கட்டி கூடியது. ரகமும், புரதம் எவ்வளவு உருவாகிறது என்பதும் மாறினால் விடையும் மாறும். திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியலாளருக்கு எது எந்த எலி என்று தெரியக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள். ஒரே ஈற்று, பல வம்சம்: சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஆறு மாதமாகக் கட்டி இல்லை. முடித்துவிடலாமா?
– நகரி

பொறுங்கள். எலியின் ஆயுள் சுமார் இரண்டு வருடம். பல கட்டிகள் ஒரு வருடத்துக்கு மேல்தான் தலைகாட்டும்.

ஈ7 எலிக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால்தான் கருப்பைவாய்ப் புற்று வருகிறது என்கிறார்கள். அப்படியானால் குற்றவாளி ஈஸ்ட்ரோஜன்தானே?
– ஆசிரியை, மறையூர்

நல்ல கேள்வி. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த சாதாரண எலிக்கு அந்தப் புற்று வரவில்லை. ஈ7 மட்டும் இருந்தாலும் வரவில்லை. இரண்டும் சேர்ந்து சுமார் ஆறு மாதம் போனால் வருகிறது. அதைவிடப் பெரிய சாட்சி: கட்டி வந்த பிறகு ஈ7 மரபணுவின் இயக்கத்தை மட்டும் நிறுத்தினால், ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்தாலும் கட்டி மறைகிறது. செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பியைத் தடுக்கும் மருந்து கொடுத்தாலும் புற்று குறைகிறது. இருவருமே கூட்டாளிகள். ஈ6 தனியாக அவ்வளவு வலுவில்லை.

எங்கள் கல்லூரியிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாமா?
– பாறசாலை

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியாயிற்றா? வாங்கிவிட்டு எழுதுங்கள், ரகத்தையும் குறிப்பிட்டு.