குளிரில் பைக் ஓட்டம்: சூடேறும் உடைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இப்போதைக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. சூடேறும் கிளவுஸ் வாங்கலாமா?

பதில்: மரத்துப்போவது விரல்தான், ஆனாலும் முதலில் நெஞ்சைச் சூடாக்குங்கள் தம்பி. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். அப்புறம் எவ்வளவு தடித்த கிளவுஸ் போட்டாலும் உள்ளே காப்பதற்குச் சூடே இருக்காது. கை இல்லாத சூடேறும் வெஸ்ட் ஒன்று போட்டு, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் போட்டால், சாதாரண கிளவுஸே பல நாள் போதும். 0 டிகிரியில் 100 கி.மீ. வேகத்தில் போனால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 10 டிகிரி போல இருக்கும். காற்றைத் தடுக்காமல் சூட்டை மட்டும் ஏற்றிப் பயனில்லை.

கேள்வி: என்னுடையது 125 சிசி. ஜாக்கெட், பேன்ட், கிளவுஸ் எல்லாம் சேர்த்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக்கை ஜாக்கெட் 75 முதல் 100 வாட் இழுக்கும். கிளவுஸ் ஜோடி 25, பேன்ட் 40 சுமார். மொத்தம் 140 வாட்டுக்குக் குறையாது. சின்ன வண்டிகளில் ஸ்டேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம்) தரும் மொத்த மின்சாரமே பெரும்பாலும் 100 முதல் 200 வாட்தான். அதில் ஹெட்லைட்டும் இக்னிஷனும் எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. பெரிய டூரிங் வண்டிகள் 500 வாட்டுக்கு மேல் தருவதால் அவற்றை ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உங்கள் வண்டியின் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் அது எஞ்சின் நல்ல ஆர்பிஎம்மில், அதாவது வேகமாகச் சுற்றும்போது, கிடைக்கும் அளவு. சிக்னலில் நிற்கும்போது அதில் பாதிகூட வராது.

இன்னொரு வழி, ஹேண்டிலில் சின்ன வோல்ட் மீட்டர் மாட்டுவது. ஓடும்போது 13.5-க்கு மேல் காட்டினால் சரி. உடையை ஆன் செய்ததும் 12.8-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், பேட்டரியிலிருந்து கடன் வாங்கி ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். உங்களுக்கு 45 வாட் வெஸ்ட் ஒன்று, அதுவும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு. கைக்கு பேட்டரி கிளவுஸ்.

கேள்வி: பேட்டரி கிளவுஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: பெரும்பாலும் 7.4 வோல்ட், 3 ஆம்ப்-அவர் பேட்டரிதான் வரும். பெருக்கினால் 22 வாட்-அவர். ஒரு கைக்கு 10 வாட் என்றால் முழுச் சூட்டில் இரண்டு மணி நேரம். குளிரில் பேட்டரியே சோர்ந்துபோவதால் அதிலும் குறையும். வேலைக்குப் போய்வர தாராளமாகப் போதும். நாள் முழுக்க ஓட்டுபவர்கள் வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் 12 வோல்ட் உடைக்குப் போங்கள்.

கேள்வி: வண்டியில் எங்கிருந்து லைன் எடுப்பது? ஹெட்லைட் ஒயரிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். 90 வாட் ஜாக்கெட் ஏழு ஆம்ப் வரை இழுக்கும். ஹெட்லைட் ஒயர் அந்தக் கூடுதல் சுமைக்குப் போட்டதல்ல. பேட்டரியிலிருந்தே தனி லைன் எடுங்கள். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். உடையோடு வந்த பியூஸின் அளவை மாற்ற வேண்டாம். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில். அப்படிச் செய்தால் ஸ்பேனர் பிரேமில் பட்டாலும் பொறி பறக்காது.

பியூஸைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் வண்டியில் சீட்டைத் திறந்தபோது, அதன் கொக்கி அழுத்தும் இடத்தில் சிவப்பு ஒயரின் தோல் உரிந்து, செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. பக்கத்தில் பிரேமில் ஒரு மிளகளவு கருப்புப் பொட்டு. பியூஸ் போயிருந்தது, அதனால்தான் வண்டி தப்பியது. பியூஸ் மட்டும் ஜாக்கெட் பக்கம் இருந்திருந்தால் சீட்டுக்கு அடியில் தீப்பிடித்திருக்கும். ஒயரை எங்கும் நசுங்காமல், சைலன்சர் பக்கம் போகாமல் கட்டுங்கள்.

இறங்கும்போது பிளக்கைக் கழற்ற மறப்பது எல்லோருக்கும் நடக்கும். இழுத்தால் தானே கழன்றுவிடும் பிளக்காக இருப்பது நல்லது.

கேள்வி: வேறு கம்பெனி ஒயர். பிளக் பொருந்தவில்லை, அடாப்டர் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் மல்டிமீட்டர் வைத்து பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சூட்டுக் கம்பிக்கு அது பொருட்டில்லை, ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் எரிந்துபோகலாம்.

கேள்வி: யுஎஸ்பி போர்ட்டில் மாட்டினால்?

பதில்: 5 வோல்ட், 2 ஆம்ப் என்றால் 10 வாட். ஜாக்கெட்டுக்குக் காணாது.

கேள்வி: ஜாக்கெட் புதிது. கையால் தொட்டால் சுடுகிறது, போட்டால் சூடே தெரியவில்லை.

பதில்: ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருப்பீர்கள். இவை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். உள்ளே மெல்லிய முழுக்கை பனியன் மட்டும் போடுங்கள். தடித்த ஸ்வெட்டர் மேலே இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பின்னால் உட்கார்ந்து வருவார். அவருக்கும் வாங்கலாமா?

பதில்: ஜாக்கெட் வாங்கலாம், குறைந்த சூட்டில். ஆனால் வெறும் தோலில் படக் கூடாது. 44 டிகிரி போன்ற மிதமான சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அது அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் சூடேறும் சாக்ஸ் மட்டும் வேண்டாம். தடித்த கம்பளி சாக்ஸும் காற்றுப் புகாத ஷூவும் போதும். மணிக்கொரு தடவை நிறுத்தி, ஜாக்கெட்டுக்குள் கை விட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள்.