கப்பலில் கார் அனுப்புவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லண்டனிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபெயர்கிறோம். நான்கு ஆண்டுகளாக ஓட்டிவரும் காரையும் கொண்டுபோக ஆசை. முதலில் செய்ய வேண்டியது என்ன, ஐயா?

பதில்: கப்பலில் இடம் கேட்பதற்கு முன்பே ஆஸ்திரேலிய அரசின் இறக்குமதி அனுமதியைப் பெற்றுவிடுங்கள். 2021 ஜூலை முதல் ரோவர் என்ற அரசு இணையதளத்தில்தான் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். குடியேறுபவர்கள் சொந்தக் காரைக் கொண்டுவரத் தனிப் பிரிவு உண்டு. காரை வெளிநாட்டில் குறைந்தது 12 மாதங்கள் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும் என்பதால், பதிவுச் சான்று, காப்பீட்டு ரசீது, பழுதுபார்த்த பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ‘அனுமதி எப்படியும் வந்துவிடும்’ என்று நம்பிக் காரை முன்கூட்டியே ஏற்றிவிட்ட ஒரு குடும்பத்தை நான் அறிவேன். துறைமுகத்தில் கார் முடங்கிக் கிடக்க, நாள் வாடகை ஏறிக்கொண்டே போனது. அந்தத் தவிப்பு வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கன்டெய்னர் நல்லதா, ரோ-ரோ கப்பல் நல்லதா?

பதில்: ரோ-ரோ கப்பலில் துறைமுக ஊழியரே காரை ஓட்டி உள்ளே நிறுத்துவார், ஆகவே கார் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், சாவியை ஒப்படைக்க வேண்டும், பொதுவாக வீட்டுச் சாமான் எதையும் உள்ளே வைக்க விடமாட்டார்கள். செலவு பெரும்பாலும் இதில் குறைவு. 20 அடிக் கன்டெய்னரின் உள் அகலம் ஏறத்தாழ 2.35 மீட்டர்தான். 1.8 மீட்டர் அகலமுள்ள காரை நடுவில் நிறுத்தினால் இருபுறமும் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடமே மிஞ்சும். கதவைத் திறக்க முடியாமல், ஓட்டியவர் ஜன்னல் வழியாக வெளியே வருவதும் உண்டு. பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துத் தரையோடு ஆணியடித்து, பட்டைகளால் இறுக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். விலை உயர்ந்த கார் என்றால் கன்டெய்னரையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: காரைக் கழுவித்தான் அனுப்புகிறோம். அது போதாதா?

பதில்: போதாது. வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் ஆஸ்திரேலிய உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் தேடுவது மண்ணையும் விதையையும் பூச்சியையும்தான். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் பொருத்திய பள்ளத்தில் மக்கிய இலைகள் அடைந்திருக்கும். ரேடியேட்டரின் மடிப்புகளில் புல் விதை ஒட்டியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஈரமண் காய்ந்து கிடக்கும். இந்த மூன்று இடங்களையும் டார்ச் அடித்துப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். அங்கே கண்டுபிடித்தால் மறுபடியும் கழுவும் செலவு உங்களுடையதே. செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, சரக்குக்குள் ஒளிந்து வரும் நாற்றப்பூச்சிகளின் காலம் என்பதால் கெடுபிடி இன்னும் கூடும். இயன்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது 1990இல் தயாரான கார். விதி வேறா?

பதில்: 25 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதால் அனுமதி எளிது, சிக்கல் ஆஸ்பெஸ்டாஸ் என்ற, உடலுக்குக் கேடான கனிம இழைதான். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியா அதை முழுமையாகத் தடை செய்துள்ளது. பழைய கார்களின் பிரேக் பேட், கிளட்ச், இன்ஜின் கேஸ்கட் ஆகியவற்றில் அது இருக்கக்கூடும். ஏற்றுவதற்கு முன்பே அவற்றைச் சோதித்து, தேவையானால் மாற்றி, சான்றைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: துபாயில் வாங்கிய காரைச் சென்னைக்குக் கொண்டுவந்து பதிவு செய்யலாமா?

பதில்: இயலாது. இறக்குமதியாகும் பழைய காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. துபாய்க் கார்களுக்கு அது இடப்பக்கம். அங்கேயே விற்றுவிடுவதுதான் நல்லது.

கேள்வி: காப்பீடு அவசியமா?

பதில்: மிக அவசியம். 2022 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் தீப்பற்றி, மார்ச் 1 அன்று ஏறத்தாழ 4,000 கார்களோடு மூழ்கியது. கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பங்கிட வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய மரபு. உங்கள் காருக்குக் கீறல் விழாவிட்டாலும் அந்தப் பங்கைக் கட்டினால்தான் அதை மீட்க முடியும். உங்கள் பாலிசி இதையும் ஏற்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நாளன்று நான்கு பக்கமும், ஏற்கெனவே உள்ள கீறல்களும், ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.