வரலாறு, சமூகவியல், தத்துவம் படித்தவர்கள் என்ன சாதித்திருக்கிறார்கள்?

ஆசிரியர் வேலையை விட்டால் இவர்களுக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

2014 முதல் 2023 வரை யூடியூபை நடத்திய சூசன் வோஜிஸ்கி கல்லூரியில் படித்தது வரலாறும் இலக்கியமும். படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளம், அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலி இரண்டையும் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் தத்துவ மாணவர். சரி, இவையெல்லாம் பிரபலமான பெயர்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுபவர் எலினோர் ஆஸ்ட்ரம். போதிய கணிதப் பின்னணி இல்லாததால் பொருளாதார முனைவர் படிப்பில் இடம் கிடைக்காமல், அரசியல் அறிவியலில் 1965இல் முனைவர் பட்டம் வாங்கினார். காடு, மீன்வளம், பாசன நீர் போன்றவற்றை அரசோ தனியாரோ கையில் எடுத்தால்தான் காப்பாற்ற முடியும் என்று பலரும் நம்பிய காலத்தில், பயன்படுத்தும் மக்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறுபவர்களைப் படிப்படியாகத் தண்டித்துத் தலைமுறைகளாக அவற்றைக் காத்து வருவதைப் பல நாட்டு ஆதாரங்களோடு காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான்!

அப்புறம், 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டும் சடங்கு வழியாகவும் நோய் தொற்றியது. வெறும் தடை போட்டால் மக்கள் ரகசியமாக அடக்கம் செய்வார்கள். மதத் தலைவர்களோடு சேர்ந்து, பாதுகாப்பும் மரியாதையும் உள்ள அடக்க முறையை உருவாக்க, மக்களின் பண்பாட்டையும் வழக்கங்களையும் ஆராயும் மானுடவியலாளர்கள் உதவினார்கள். உயிர் காத்த வேலை அது.

பட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மை. கூடவே புள்ளியியல், தெளிவாக எழுதும் பழக்கம், இன்னொரு மொழி, இவற்றில் இரண்டையாவது படிக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். முதல் வேலை கிடைப்பதில்தான் தாமதம் ஆகலாம்.