பத்து வருடத்தில் எட்டு கிளப் மாறிய மிட்ஃபீல்டர் என்றால், அவரிடம் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கேள்வியைப் பார்த்ததும் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் போனை வைத்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி எடுத்துவிட்டேன்.

நீங்கள் ஏதோ மேட்ச் பார்த்துக்கொண்டே ஒரு வீரரின் பெயரைத் தேடியிருப்பீர்கள். எட்டு கிளப் வரிசையாக வந்திருக்கும், பக்கத்தில் கோல் கணக்கு 2 என்று இருந்திருக்கும். 'எங்கேயும் ஒட்டாத ஆள் போல' என்று தோன்றியிருக்கும். தப்பில்லை. என் மாமனாருக்கும் பெண் கொடுப்பதற்கு முன் அப்படித்தான் தோன்றியது.

நான் 2009 முதல் 2020 வரை எட்டு கிளப்புக்கு ஆடினேன். டிஃபன்சிவ் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் நின்று எதிரணியைத் தடுக்கிறவன். சென்னை லீக்கில் ஆரம்பித்து பெங்களூர், கொல்கத்தா, கோவா, கேரளா என்று சுற்றி, கடைசியில் மறுபடி சென்னை. இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல். ஆடியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது 'நீ யார் பேச?' என்று வருவார்கள்.

கிளப் மாறுவதற்குக் காரணம் பல சமயம் ஆள் இல்லை, காலண்டர். 2014ல் ஐ.எஸ்.எல். வந்தபோது மொத்தப் போட்டியும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் 20ல் முடிந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே நடந்துவந்த தேசிய லீகான ஐ-லீக் ஜனவரியில் ஆரம்பித்து மே வரை நடந்தது. ஒரே ஆள் ஒரே வருடத்தில் இரண்டு ஜெர்சி போட்டார். இந்திய ஸ்ட்ரைக்கர் ஜேஜே 2015ல் ஐ-லீகை மோகன் பகானோடும், ஐ.எஸ்.எல்லைச் சென்னையின் எஃப்.சி.யோடும் வென்றார். அவரை யாராவது ஒட்டாத ஆள் என்பார்களா? 2017-18 சீசனில்தான் இரண்டு லீக்கும் ஒரே சமயத்தில் நடக்க ஆரம்பித்தன. அதற்கு முன்னால் ஆடியவர்களின் பட்டியலைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

அப்புறம், கிளப்பே காணாமல் போவது. ஐ-லீகுக்கு முன்பிருந்த தேசிய லீகின் முதல் சாம்பியன் ஜே.சி.டி. 2011ல் அணியைக் கலைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மஹிந்திரா யுனைடெட், அதுவும் ஒரு முன்னாள் சாம்பியன். 2016ல் சல்கோகரும் ஸ்போர்ட்டிங் கோவாவும் ஐ-லீகிலிருந்து விலகின. ஆடுகிறவன் எங்கே போவான்? வீட்டை இடித்த பிறகு 'ஏன் வீடு மாறினாய்' என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, களத்தில் நாங்கள் ஆடுகிற இடத்துக்கு உள்ள பிரச்சினை. ஐ.எஸ்.எல்லில் முதலில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் இருக்கலாம். 2017-18ல் அது ஐந்தானது, 2021-22ல் நான்கு. அந்த இடங்களை கிளப் எதற்குச் செலவு செய்யும்? ஸ்ட்ரைக்கர், சென்டர் பேக், நடுவில் நிற்கிற மிட்ஃபீல்டர். அதாவது முதுகெலும்பு. இந்தியப் பையன்களுக்கு விங்கும் ஃபுல் பேக்கும் மிஞ்சும். நடுவில் ஆடிப் பழகியவன் பெஞ்சில் உட்காருவான், இல்லாவிட்டால் ஒரு படி கீழே உள்ள லீகுக்குப் போவான். கீழே போனால் ஒப்பந்தம் ஐந்து மாதம், ஆறு மாதம்தான்.

இதெல்லாம் பொதுக்கதை. என் கதை கொல்கத்தாவில்.

2016, மழைக்காலம். கொல்கத்தா லீக் நடப்பதே மழையில்தான். மைதானத்தில் பந்து உருளாது, வழுக்கும், இல்லாவிட்டால் சேற்றில் அப்படியே நின்றுவிடும். நான் இருந்த கிளப்பின் பெயர் வேண்டாம். மெஸ்ஸில் ஒரு அறைக்கு ஐந்து பேர். பூட்ஸுக்குள் பேப்பரைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வைத்தாலும் காலையில் ஈரமாகத்தான் இருக்கும். என்னை எல்லோரும் 'அன்னா' என்பார்கள். வயதில் பெரியவரும் 'அன்னா', சமையல்காரரும் 'அன்னா'.

சம்பளம் மாதம் இருபத்தைந்தாயிரம். முதல் மாதம் வந்தது. அதன் பிறகு வரவில்லை. கேட்டால், 'ஸ்பான்சர் பணம் வரட்டும்.' மூன்றாவது மாதம் கோவாவிலிருந்து ஒரு கோச் போன் பண்ணினார். என்னை முன்பு பெங்களூரில் பார்த்தவர். 'உடனே கிளம்பி வா, முதல் லெவனில் நீதான்' என்றார். ஆனால் பழைய கிளப் 'போகலாம், ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தருகிற என்.ஓ.சி. வேண்டும். கிளப் மாற அனுமதிக்கிற விண்டோ மூட இரண்டு நாள்.

கிளப் ஆபீஸான டென்ட்டில் செகரட்டரி முன்னால் உட்கார்ந்தேன். மேஜை மேல் இரண்டு தாள். ஒன்று என்.ஓ.சி., டைப் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னொன்று நான் கையெழுத்துப் போட வேண்டியது: 'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்.' அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் உருட்டிவிட்டார். அந்தப் பேனா உருண்டு வந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

போட்டுவிட்டேன். ஐம்பதாயிரம் போனது.

'ஃபெடரேஷனில் புகார் கொடுத்திருக்கலாமே?' என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், அதற்கென்று கமிட்டி இருக்கிறது. ஆனால் முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த பிறகு எந்த முகத்தோடு போவது? இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டால் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பி, அப்போதும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதியில் தெளிவாக எழுதியதே 2018ல்தான். எனக்கு இரண்டு வருடம் லேட்.

கோவாவில் போய் இறங்கி மூன்றாவது வாரம், என்னைக் கூப்பிட்ட கோச்சை மாற்றிவிட்டார்கள். புது கோச் அவருடைய மிட்ஃபீல்டரோடு வந்தார். மீதி சீசனில் நான் ஆடியது நான்கு மேட்ச், அதில் மூன்றில் பாதியில் இறங்கிய சப். உங்கள் பட்டியலில் அது ஒரு வரி.

எல்லாமே அடுத்தவர் தப்பு என்று சொல்லவில்லை. பெங்களூர் கிளப்பை விட்டது என் கொழுப்பு. கேப்டன் பட்டையை என்னைவிட இளையவனுக்குக் கொடுத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு வந்தேன். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஒருவேளை.

கேரளாவில் மலப்புறத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸும் ஆடினேன், ஒப்பந்தம் இல்லாத மாதங்களில். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி, ஃப்ளட்லைட், ஆயிரக்கணக்கில் ஜனம். ஃபெடரேஷன் அங்கீகாரம் கிடையாது, காலில் அடிபட்டால் கேட்க நாதி இல்லை. ஆனால் மேட்ச் முடிந்த உடனே, வியர்வை காயும் முன்னால், பணக் கவர் கைக்கு வந்துவிடும். என் பதினோரு வருடத்தில் ஒரு நாள் கூடச் சம்பளப் பாக்கி வைக்காத இடம் அதுதான். எட்டு கிளப் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை, கிளப்காரர்களுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள்.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இப்போது காலையில் பையன்களுக்கு கோச்சிங் கொடுக்கிறேன். எங்கள் ஏரியா மைதானத்தைச் சுற்றி நடைபாதை போட்டபோது சந்தோஷப்பட்டோம். இப்போது நடக்கிறவர்கள் மைதானத்துக்குள்ளேயே வட்டம் போட்டு நின்று சிரிப்பு யோகா செய்கிறார்கள். பந்து அவர்கள் பக்கம் உருண்டால், பத்து வயதுப் பையனிடம் 'வேறு இடமே இல்லையா உனக்கு?' என்று கேட்கிறார்கள். இல்லை அங்கிள், நிஜமாகவே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் இடத்தில் ஆடுகிறவனின் வேலை கோல் கணக்கில் வராது. எதிரணியின் பத்தாம் நம்பர், அதாவது கோல் வாய்ப்பை உருவாக்குகிற ஆள், தொண்ணூறு நிமிடமும் திரும்பவே முடியாமல் போனால் அது என் வேலை. அதை எந்தப் பக்கத்திலும் எழுத மாட்டார்கள். செபாஸ்டியன் அப்ரேயு முப்பதுக்கும் மேல் கிளப் மாறினார், 2010 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகப் பெனால்டியைச் சும்மா தூக்கிப் போட்டு உருகுவேயை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அவரை 'நாடோடி' என்று கொண்டாடுகிறார்கள். ஸ்ட்ரைக்கர் அல்லவா.

போன மாதம் என்னிடம் பயிற்சி எடுக்கிற ஒரு பையனுக்கு வெளியூர் கிளப்பிலிருந்து ஆறு மாத ஒப்பந்தம் வந்தது. அவன் அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவர், தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போன் பண்ணினார். 'சார், சம்பளம் மூணாவது பக்கத்துல இருக்கு' என்றார். நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன், என்.ஓ.சி. பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க. ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.