தெரியாத பசங்க கதவ தட்டி காசு கேட்டா என்ன பண்றது?

நீங்க கேட்டது இதான்: முன்னபின்ன தெரியாத ரெண்டு பசங்க பெல் அடிச்சி காசு கேட்டாங்க, பாவமா இருக்கேன்னு குடுத்தீங்க, மறுநாள் நாலு பேரா வந்து நின்னாங்க, இப்ப பெல் சத்தம் கேட்டாலே பக்குன்னு இருக்கு. குடுத்தது தப்பா, இனிமே வந்தா என்ன சொல்றது.

குடுத்தது தப்பே இல்ல, அந்த உறுத்தல மொதல்ல விட்ருங்க. ஆனா இனிமே வாசல்ல வச்சு காசா குடுக்காதீங்க. ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, எனக்கு நடந்த ஒரு விஷயம் இருக்கு, அத சொன்னாதான் புரியும்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம். தட்டுற சத்தம் கதவோட கீழ்ப்பாதில இருந்து வந்துச்சு, அப்பவே தெரிஞ்சுது சின்னப் பசங்கன்னு. தொறந்தா பத்து வயசு இருக்கும் ஒரு பொண்ணு, பக்கத்துல அவள விட ரொம்ப சின்னதா ஒரு பையன். அந்த பொண்ணு கையில லேமினேட் பண்ண ஒரு அட்டை, ஓரமெல்லாம் பிரிஞ்சி அழுக்கேறி இருந்துச்சு. "அக்கா எங்க அம்மாவுக்கு ஆபரேஷன்க்கா, உங்களால முடிஞ்சத குடுங்கக்கா"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சா. அம்மாவுக்கு என்னாச்சும்மா, எந்த ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் அப்டியே நின்னுட்டு, அதே வரிய திரும்ப மொதல்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சா, மனப்பாடம் பண்ண பாட்டு நடுவுல மறந்தா பசங்க முதல் அடிக்கே போவாங்கல்ல, அந்த மாதிரி. அந்த பையன் என்ன நிமிர்ந்தே பாக்கல, அறுந்து போன செருப்பு வார கால் விரலால இடுக்கி இடுக்கி பிடிச்சிட்டு இருந்தான்.

எனக்கு மனசு கேக்கல, குடுத்துட்டேன். அவ அது எவ்ளோன்னு கூட பாக்கல, மடிச்சி உள்ளங்கைல வச்சிட்டு நேரா தெரு முனைக்கு போனா, அங்க ஒருத்தன் பைக்க ஆஃப் பண்ணாம நின்னுட்டு இருந்தான். அவன்கிட்ட போய் கைய விரிச்சா. அவ்ளோதான். நான் குடுத்த காசு அந்த பொண்ணு கையில இருந்தது வாசல்ல இருந்து தெரு முனை வரைக்கும்தான்.

அன்னைக்கு ராத்திரி தான் குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைனுக்கு கால் பண்ணேன். அவங்க கேட்டதெல்லாம் ரொம்ப சாதாரண கேள்வி, என்ன வயசிருக்கும், என்ன கலர் டிரஸ், உடம்புல அடிபட்ட மாதிரி ஏதாவது இருந்துச்சா, எந்தப் பக்கம் போனாங்க. எனக்கு அந்த அட்டை ஞாபகம் இருந்துச்சு, செருப்பு ஞாபகம் இருந்துச்சு, அந்த பொண்ணு போட்டிருந்த டிரஸ் என்ன கலர்ன்னு சொல்ல வரல. பேரும் கேக்கல. இப்பவும் அது மனசுல ஒரு முள்ளு மாதிரி இருக்கு.

அதுக்கப்புறம்தான் இத பத்தி நெறைய படிச்சேன். குழந்தைய பொருளாதார ரீதியா சுரண்டக் கூடாதுன்னு 1989ல வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 32வது பிரிவே சொல்லுது. குழந்தைத் தொழில்ல ரொம்ப மோசமான வகைகள ஒழிக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1999ல கொண்டு வந்த 182வது உடன்படிக்கைய 2020ல அதோட உறுப்பு நாடுகள் 187ம் ஏத்துக்கிட்டாச்சு. ஐரோப்பிய யூனியனோட 2011 ஆள்கடத்தல் தடுப்பு உத்தரவுல, பிச்சை எடுக்க வைக்கிறதும் கட்டாய உழைப்புல சேரும்னு நேரடியாவே எழுதி இருக்காங்க. இந்தியால 2015 சிறார் நீதிச் சட்டத்தோட 76வது பிரிவு, குழந்தைய பிச்சை எடுக்க வைக்கிறவங்களுக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுது. இத ஏன் சொல்றேன்னா, பைக்ல நின்னவன் பண்றது குற்றம், வாசல்ல நிக்கிற குழந்தை பண்றது குற்றம் இல்ல, இந்த வித்தியாசம் நம்ம மண்டைல ஏறிட்டா நாம பேசுற தொனியே மாறிடும். பல பேரு பைக்காரன் மேல வர்ற கோவத்த அந்த பிள்ள மேல காட்டி "போ போ, வேற வேல இல்ல உங்களுக்கு"ன்னு விரட்டிடுறாங்க, அவன் முனைல பத்திரமா நின்னுட்டு தான் இருப்பான்.

ஆனா வர்ற எல்லா பசங்களும் அப்டி இல்ல, அதையும் சொல்லிடணும். சில பசங்க நிஜமாவே ஸ்கூலுக்கோ டீமுக்கோ வசூல் பண்ண வருவாங்க, அவங்ககிட்ட எந்த ஸ்கூல்ப்பா, எந்த சார் அனுப்புனாருன்னு கேட்டா கடகடன்னு சொல்லிடுவாங்க, சொல்லப்போனா கூடவே நாலு கத சேர்த்து சொல்லுவாங்க. அப்பவும் காசு கையில குடுக்க வேணாம், நானே ஸ்கூலுக்கு போன் பண்ணி கட்டிடுறேன்னு சொல்லுங்க, உண்மையா வந்த பிள்ளைக்கு அதுல ஒரு வருத்தமும் இருக்காது. நோட்டுல பேரு எழுதுங்க போன் நம்பர் எழுதுங்கன்னா எழுதாதீங்க. இன்னும் சிலர் பதினஞ்சு பதினாறு வயசு பசங்க, பேசுறது நம்மகிட்ட ஆனா கண்ணு நம்ம தோளுக்கு மேல உள்ள போகும், வீட்ல வேற யாரும் இல்லயான்னு கேப்பாங்க. அதுக்கு பதிலே சொல்லாதீங்க, இல்லப்பா வேணாம்னு முடிச்சிடுங்க, கிரில் கேட்டும் தொறக்க வேணாம்.

நெஜமா பசியில வர்ற பிள்ளைங்களும் உண்டு. அத முகத்த பாத்தே கண்டுபிடிச்சிடலாம்னு நான் சொல்ல மாட்டேன், என்னால முடிஞ்சதில்ல. அதனால நான் சந்தேகப்பட்டாலும் சரி படலனாலும் சரி எல்லாருக்கும் ஒரே மாதிரி தான் பண்றேன், காசு இல்ல, ஆனா தண்ணி உண்டு, சாப்பிட ஏதாவது உண்டு. அதுவும் பாக்கெட்ட பிரிச்சி கையில குடுத்து இங்கயே உக்காந்து சாப்டுன்னு சொல்லிடுவேன். பிரிக்காம குடுத்தா அது திரும்ப கடைக்கே போயிடலாம், வயித்துக்குள்ள போனத யாரும் பிடுங்க முடியாது. வாசப்படிலயே உக்கார வைங்க, வீட்டுக்குள்ள கூப்பிடாதீங்க. பாவம் வெயில்ல நிக்குதேன்னு தோணும், தோணட்டும், தெரியாதவங்க வீட்டுக்குள்ள போறது சாதாரணம்னு நாம அந்த குழந்தைக்கு பழக்கக் கூடாது, இன்னொரு வீட்டுல அதே கூப்பிடுறவன் எப்டிப்பட்டவனோ.

பேசும்போது கொஞ்சம் குனிஞ்சி இல்லனா உக்காந்து அவங்க கண்ணுக்கு நேரா பேசுங்க. உன் பேரு என்னம்மா, யார் கூட வந்த, சாப்ட்டியா, இந்த மூணு கேள்வி போதும். அதுக்கு மேல போலீஸ் விசாரண மாதிரி பண்ணா அந்த பிள்ள பயந்து ஓடிடும், இல்ல பொய்ய இன்னும் கெட்டியா சொல்ல கத்துக்கும். பதில் சொல்லும்போது அந்த பிள்ள எந்தப் பக்கம் திரும்பி பாக்குதுன்னு மட்டும் கவனிங்க, யாராவது ஒளிஞ்சி நின்னா அதுலயே தெரிஞ்சிடும்.

தெரிஞ்சா நேரா போய் அந்த ஆள்கிட்ட சண்ட போடாதீங்க. கை துறுதுறுங்கும், எனக்கும் அப்டிதான் இருக்கும், ஆனா நீங்க திட்டுன திட்டுக்கு சாயங்காலம் அடி வாங்கப் போறது அந்த குழந்ததான். வண்டி நம்பர், வயசு, டிரஸ், எந்தப் பக்கம் போனாங்க, எத்தன மணி, இத ஒரு பேப்பர்ல எழுதிட்டு உடனே போன் பண்ணுங்க, என்ன மாதிரி ராத்திரி வரைக்கும் வச்சிருக்காதீங்க. ஹெல்ப்லைன் நம்பர் இந்தியால 1098, இலங்கைல 1929, மலேசியால 15999, ஐரோப்பால பல நாடுகள்ல 116111. நீங்க வேற நாட்டுல இருந்தா அங்க என்ன நம்பர்னு இப்பவே பாத்து போன்ல சேவ் பண்ணி வைங்க. காயம் இருந்தாலோ, பிள்ள அழுதுட்டு என்ன காப்பாத்துங்கன்னு சொன்னாலோ ஹெல்ப்லைனோட நிறுத்தாம போலீஸுக்கும் கூப்டுங்க, வர்ற வரைக்கும் வாசல்லயே பேச்சு குடுத்துட்டு இருங்க, முடிஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்களையும் வெளிய வந்து நிக்க சொல்லுங்க.

ஒரு விஷயம் மட்டும் தயவுசெஞ்சி பண்ணாதீங்க. அந்த பசங்கள போட்டோ எடுத்து "நம்ம ஏரியால சுத்துது, உஷார்"னு வாட்ஸ்அப் குரூப்ல போடுறது. 2018ல பிள்ள பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு பரவுன பொய் மெசேஜால இந்தியால பல ஊர்கள்ல ஒண்ணும் அறியாதவங்கள கூட்டமா சேர்ந்து அடிச்சே கொன்னாங்க, அதே வருஷம் மெக்சிகோல இப்டி ஒரு வதந்திக்கு ரெண்டு பேர அடிச்சி தீ வச்சி கொன்னாங்க. வாட்ஸ்அப் அந்த வருஷம் இந்தியாலயும் 2019ல உலகம் பூராவும் ஒரு மெசேஜ ஒரே தடவ 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி மாத்துனதே இதுக்கப்புறம்தான். ஒரு குழந்தையோட மூஞ்சிய திருடன்னு போட்டு பரப்பிட்டா அத திரும்ப அள்ள முடியாது. எழுதி வச்சத ஹெல்ப்லைனுக்கு சொல்லுங்க, குரூப்புக்கு வேணாம்.

வீட்ல உங்க பிள்ளைங்க தனியா இருக்கும்போது இந்த பசங்க வந்தா, தங்களோட வயசு பசங்கதானேன்னு ஈசியா கதவ தொறந்துடுவாங்க. தெரியாத பெரியவங்களுக்கு மட்டும் தொறக்காதன்னு சொல்லிக் குடுத்துருப்போம், பசங்களுக்கும் தொறக்காத, உள்ள இருந்தே அம்மா வேலையா இருக்காங்க அப்புறம் வாங்கன்னு சொல்லுன்னு சேர்த்து சொல்லி வைங்க.

இப்ப உங்க நாலு பேரு விஷயம். அவங்க திரும்ப வருவாங்க, ஒரு தடவ கிடைச்ச வாசல் இல்லயா. வந்தா மறைஞ்சி நிக்காதீங்க, லைட்ட அணைச்சிட்டு சத்தம் காட்டாம இருக்குறதும் வேணாம். கதவ செயின் போட்டு தொறந்து முதல் வரிலயே சொல்லிடுங்க: "அன்னைக்கு குடுத்தேன், இனிமே காசு குடுக்க மாட்டேன்ப்பா, தண்ணி வேணுமா?" அப்புறம் பாக்கலாம், சில்லற இல்ல, நாளைக்கு வான்னு எதுவும் சொல்லாதீங்க, நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு வந்து நிப்பாங்க, வர வச்சது நீங்கதான். வீட்ல எல்லாருகிட்டயும் இதே பதில சொல்லி வைங்க, நீங்க இல்லன்னு சொல்லி தாத்தா பின்னாடியே போய் குடுத்தா, அடுத்த தடவ தாத்தா கதவ தொறக்குற நேரமா பாத்து வருவாங்க. மூணு நாலு தடவ அதே பதில் வந்தா காசு கேக்குறது நின்னுடும்.

எங்க வீட்டுக்கு போன வருஷம் இப்டி வந்த மூணு பேர்ல ரெண்டு பேரு முதல் நாளோட போயிட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் தண்ணிக்கு வந்துட்டு இருந்தா. நாலாவது நாள் டம்ளர திருப்பி குடுக்கும்போது, கேக்காமயே, அவங்க எங்க தங்குறாங்க, கூட யாரு இருக்காங்கன்னு சொன்னா. இந்த தடவ என்ன கலர் டிரஸ்னும் எனக்கு தெரியும், பேரும் தெரியும். அவ தெரு தாண்டுறதுக்குள்ள கால் பண்ணேன்.