எலுமிச்சையை மறந்த கப்பல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனிதகுலம் முன்னேறுகிறது என்பதை என்னால் முழுமையாக நம்ப முடியவில்லை. பிரமிடுகளை எழுப்பியவர்களின் அறிவும் வானியலைக் கணக்கிடும் பண்டைக் கிரேக்கப் பொறியான ஆண்டிகிதெரா இயந்திரத்தைச் செய்தவர்களின் அறிவும் எங்கே போயின? அது அவர்களுக்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன். தங்களால் விளக்க முடியாதவற்றை அறிவியலாளர்கள் மறைக்கிறார்கள் என்ற ஐயமும் உண்டு. பண்பாட்டைப் பொருளாதாரம் தீர்மானிக்கிறதா, பொருளாதாரத்தைப் பண்பாடு தீர்மானிக்கிறதா என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். இவற்றைப் பேசினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பல இரவுகள் தூக்கமில்லாமல் போகின்றன.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் ‘அறிவு எங்கே போயிற்று’ என்ற கேள்வி இருக்கிறது. சில காலமாக நான் எண்ணிக்கொண்டிருப்பதும் அதையே என்பதால் உடனே எழுதுகிறேன். இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத் தூக்கத்தை இழப்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் இவற்றைப் பேசாதீர்கள். உங்கள் தவிப்பு மதிப்புமிக்கது. ஆனால் அந்தத் தவிப்பை நீங்கள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடம் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

2013இல் செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியேர் தாலேயின் அகழாய்வுக் குழு பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. கீசாவில் பெரிய பிரமிடை எழுப்பிய குஃபு மன்னனின் காலத்தில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன், மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய நாட்குறிப்பு அவற்றில் இருக்கிறது. தூரா என்ற கல்குவாரியில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றியது, படகில் கீசாவுக்குக் கொண்டுசென்றது, எங்கே இரவு தங்கியது என்று நாள்தோறும் எழுதியிருக்கிறார். கீசாவிலேயே பிரமிடுத் தொழிலாளர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களுடைய எலும்புகளில் பாரம் சுமந்த தேய்மானமும், முறிந்து மீண்டும் கூடிய தடமும் தெரிகின்றன. வேறு எங்கிருந்தோ வந்த அறிவு என்று நீங்கள் எழுதும்போது அந்த மனிதர்களின் உழைப்பை அவர்களிடமிருந்து பறிக்கிறீர்கள். ஆண்டிகிதெரா இயந்திரமும் அப்படித்தான். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பும் என்ற கணக்கு அதன் பற்சக்கரங்களில் இருக்கிறது. பாபிலோனில் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் களிமண் பலகைகளில் குறித்துவைத்தவர்களிடமிருந்து வந்த கணக்கு அது.

பொருளாதாரமா பண்பாடா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு எந்த விடையும் பொருந்திவிடும். அறிவு எப்படித் தொலைகிறது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று, பழங்காலத்திலிருந்து வருவதன்று, அச்சும் நீராவிக் கப்பலும் வந்துவிட்ட காலத்தில் நடந்தது.

ஸ்கர்வி என்ற நோய் நெடுங்கடல் பயணங்களின் கொடுங்கனவாக இருந்தது. ஈறுகள் அழுகும், ஆறிய பழம்புண்கள் மீண்டும் திறந்துகொள்ளும், இறுதியில் உயிர் போகும். 1740இல் ஆன்சனின் தலைமையில் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவில் ஏறத்தாழ 1,900 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் நோயால் மாண்டார்கள், எதிரியின் கையால் இறந்தவர்கள் மிகச் சிலரே. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற மாலுமிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். காடி, கடல்நீர், நீர்த்த கந்தக அமிலம் என்றெல்லாம் கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் எழுந்து நின்றார்கள். 1753இல் அதை நூலாகவும் வெளியிட்டார். இருந்தும் எலுமிச்சைச் சாறு பிரிட்டிஷ் கடற்படையில் முறையாக வழங்கப்பட்டது 1795இல்தான். அதன்பின் ஸ்கர்வி அந்தக் கடற்படையிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகப் படியுங்கள். எலுமிச்சை குணப்படுத்துகிறது என்று தெரிந்ததே தவிர, ஏன் குணப்படுத்துகிறது என்று எவருக்கும் தெரியாது. அதன் புளிப்புதான், அதாவது அமிலம்தான், மருந்து என்று நம்பினார்கள். 1860களில் மத்தியதரைக் கடல் பகுதியின் லெமனுக்கு (இதுவரை எலுமிச்சை என்று நான் சொன்னது இதைத்தான்) பதிலாகப் பிரிட்டனின் மேற்கிந்தியத் தோட்டங்களில் விளைந்த லைம் பழச்சாற்றுக்கு மாறினார்கள். சொந்தக் குடியேற்ற நாட்டில் விளைவது, புளிப்பும் மிகுதி; அவர்களுடைய நம்பிக்கையின்படி அது மேலான மருந்து. உண்மையில் ஸ்கர்வியைத் தடுப்பது வைட்டமின் சி; லைமில் அது மிகவும் குறைவு. சேமித்து வைத்த சாற்றில் இருந்ததும் கெட்டுப்போயிற்று. ஆனால் எவரும் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் சுருங்கிவிட்டன. நோய் தலைகாட்டும் முன்பே மாலுமிகள் கரையேறிப் புதிய காய்களையும் பழங்களையும் தின்றார்கள். பயனற்ற மருந்து பல ஆண்டுகள் பயனுள்ளதாகவே தோன்றியது.

1875இல் ஜார்ஜ் நேர்ஸ் என்பவரின் தலைமையில் வடதுருவத்தை நோக்கிச் சென்ற குழு, லைம் சாற்றைக் கப்பலில் வைத்திருந்தும் ஸ்கர்வியில் வீழ்ந்தது. பின்னாளில் மருத்துவ உலகில் பலர் எடுத்த முடிவு என்ன தெரியுமா? பழச்சாறு என்பதே பழைய மூடநம்பிக்கை, நோய்க்குக் காரணம் கெட்டுப்போன டப்பா இறைச்சியில் உண்டாகும் நஞ்சு என்பது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மாலுமிகள் அறிந்திருந்ததைக் கற்றறிந்தவர்கள் கைவிட்டார்கள். அதே காலத்தில் வசதியான குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஸ்கர்வி வந்தது. 1883இல் தாமஸ் பார்லோ அதை விரிவாக விவரித்தார். பணம் கொடுத்து வாங்கிய பதப்படுத்திய உணவும் நன்றாகக் காய்ச்சிய பாலும் அந்தக் குழந்தைகளை நோயாளிகளாக்கின. தாய்ப்பால் குடித்த ஏழைக் குழந்தை தப்பியது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கினிப் பன்றிகளைக்கொண்டு வேறொரு நோயை ஆராயப்போய், அவற்றுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சியைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்பவை. நம்மைப் போல அது இயலாத விலங்கு தற்செயலாக அவர்கள் கையில் இருந்தது. எலிகளை எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பொருள் இன்னதென்று உறுதியானது 1932இல்.

என் தாயார் செவிலியராக இருந்தவர். பிரசவப் பிரிவில் பல மாதங்கள் ஒரு தொற்றும் வராமல் இருந்தால் அவருக்கு அச்சம் கூடும். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று புதியவர்கள் கை கழுவுவதில் நேரத்தைக் குறைக்கத் தொடங்குவது அப்போதுதான் என்பார். செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் 1847இல் வியன்னாவில் கைகளைக் கழுவவைத்து இளந்தாய்மார்களின் சாவைக் குறைத்தபோதும், ஏன் குறைந்தது என்று விளக்கும் நுண்ணுயிர்க் கோட்பாடு அன்று இல்லை. அவர் பேச்சு எடுபடவுமில்லை. என் தாயார் செம்மல்வெய்ஸின் பெயரைக் கேட்டிருந்தாரா என்று தெரியாது. ஆனால் அவர் ஒவ்வொரு புதிய செவிலியையும் குழாயடிக்கு அழைத்துச்சென்று, கண்ணுக்குத் தெரியாதது என்ன செய்யும் என்று சொல்லிய பிறகே பிரிவுக்குள் விடுவார். முன்னேற்றம் என்று நான் எதையாவது கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றால் அது அந்தக் குழாயடியில்தான்.

ஆகவே அறிவு எங்கே போயிற்று என்று கேட்கும்போது விண்ணைப் பார்க்காதீர்கள். ‘இது பலிக்கிறது’ என்பது மட்டும் கைமாறி, ‘ஏன் பலிக்கிறது’ என்பது கைமாறாத இடத்தில் அது போயிற்று. விளக்க முடியாதவற்றை அறிவியலாளர்கள் மறைக்கிறார்கள் என்ற உங்கள் ஐயத்தையும் இங்கேதான் கண்டிக்கிறேன். ஸ்கர்வியின் கதையில் எவரும் எதையும் மறைக்கவில்லை. லிண்டின் சோதனை அச்சில் கிடந்தது. தெரியவில்லை என்று நிறுத்த வேண்டிய இடத்தில் புளிப்பு என்றும் நஞ்சு என்றும் அவசரமாக ஒரு விளக்கத்தை வைத்தார்கள், அதனால் மனிதர்கள் இறந்தார்கள். விளங்காத இடத்தில் வேற்றுலகவாசிகளை வைக்கும் நீங்களும் அதே அவசரத்தைத்தான் காட்டுகிறீர்கள்.

முன்னேற்றம் உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். 1800 வாக்கில் உலகில் பிறந்த 100 குழந்தைகளில் 40க்கும் மேற்பட்டவை ஐந்து வயதுக்குள் இறந்தன. இன்று இறப்பவை ஏறத்தாழ நான்கு. இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை. ஆனால் அந்த எண் தானாக அங்கே நிற்காது. தட்டம்மைக்கு 1963 முதல் தடுப்பூசி இருக்கிறது. அந்த நோயில் குழந்தை சாவதைப் பார்த்திராத பெற்றோர் ஊசி எதற்கு என்று கேட்கிறார்கள், நோய் திரும்பி வருகிறது. அவர்களுடைய கேள்வியை எள்ளி நகையாடும் மருத்துவர்களைவிட, உட்கார்ந்து காரணத்தைச் சொல்லும் மருத்துவர்களே எனக்கு உயர்ந்தவர்கள்.

லிண்டின் நூலில் அந்த 12 பேரைப் பற்றிய பகுதி மிகச் சிறியது. அதைப் படியுங்கள், அதன்பின் மெரெரின் நாட்குறிப்பைப் படியுங்கள். பொருளாதாரத்தைப் பற்றிய கேள்வியை, ஏதேனும் ஒரு காலத்தையும் ஒரு மக்களையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். விரிவாகப் பதில் எழுதுகிறேன். பகலில் படியுங்கள், இரவில் தூங்குங்கள்.

அன்புடன்.