கம்பெனி கணினிகளில் யாருக்கெல்லாம் லோக்கல் அட்மின் உரிமை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முந்நூறு விண்டோஸ் கணினிகள், அடுத்த மாதம் ஆடிட், 'டொமைன் அட்மின்ஸ் குழுவின் பட்டியலைக் கொடுத்தால் போதாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டொமைனுக்கு, அதாவது கம்பெனியின் மொத்த விண்டோஸ் நெட்வொர்க்குக்கு, யார் அட்மின் என்பதை மட்டும்தான் அது சொல்லும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் ஒரு லேப்டாப்புக்கு யார் அட்மின் என்ற விவரம் அந்த லேப்டாப்பின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கிறது. ஒவ்வொரு கணினியிடமும் போய்த்தான் கேட்டாக வேண்டும்.

நான் சிங்கப்பூரில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் ஐடி வேலையில் இருக்கிறேன். சாங்கி பக்கம் ஆபீஸ், துவாஸில் கிடங்கு. வெளியிலிருந்து ஸ்கேன் பண்ணும் வழியை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு பக்கம் ஃபயர்வால் தடுக்கும், இன்னொரு பக்கம் பாதி லேப்டாப் வீட்டில் இருக்கும். அதனால் எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக, குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் அனுப்புகிறோம். சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று அந்தந்தக் கணினியிலேயே ஓடி, தன் பட்டியலை ஒரு ஷேர் ஃபோல்டரில் எழுதிவிடும். அந்த ஃபோல்டரில் கணினிகளுக்கு எழுத மட்டும் உரிமை கொடுங்கள், படிக்க வேண்டாம். யார் எங்கே அட்மின் என்ற பட்டியலைவிட நல்ல பரிசு திருடனுக்குக் கிடையாது.

ஸ்கிரிப்டில் குழுவைப் பெயரால் தேடாதீர்கள். வேறு மொழி விண்டோஸில் பெயரே வேறு. ஆனால் அதன் எஸ்ஐடி (விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் குழுவுக்கும் தரும் அடையாள எண்) எஸ்-1-5-32-544, அது எல்லாவற்றிலும் ஒன்றுதான். அடுத்து, குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க எல்லாரும் எடுக்கும் கெட்-லோக்கல்குரூப்மெம்பர் என்ற பவர்ஷெல் கட்டளை. நீக்கப்பட்ட பயனரின் வெறும் எஸ்ஐடி குழுவில் மிச்சமிருந்தால் சில கணினிகளில் அது பிழை காட்டி நின்றுவிடும். பழைய குப்பை சேர்ந்த கணினிதான் பட்டியலிலிருந்து நழுவும், நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஏடிஎஸ்ஐ என்ற பழைய விண்டோஸ் இடைமுகம் வழியாக எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் கணக்குச் சேவையான என்ட்ரா ஐடியில் சேர்த்த கணினிகளில் எஸ்-1-12-1 என்று தொடங்கும் எண்கள் தெரியும். அவற்றையும் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அவை குளோபல் அட்மின் போன்ற கிளவுட் பொறுப்புகளாகவோ, கிளவுட் பயனர்களாகவோ குழுக்களாகவோ இருக்கும். கணினியை முதலில் என்ட்ராவில் சேர்த்தவரும், அமைப்பை மாற்றாவிட்டால், தானாகவே லோக்கல் அட்மின் ஆகிவிடுவார்.

பட்டியல் கைக்கு வந்ததும் குழுக்களைப் பிரித்துப் பாருங்கள். 'சப்போர்ட்' என்ற ஒற்றை வரிக்குள் வெண்டர் குழு இருக்கும், அதற்குள் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள். ஆடிட்டருக்குத் தேவை ஆட்கள்.

எங்கள் துவாஸ் கிடங்கின் லேபிள் அடிக்கும் கணினியில் 'டொமைன் யூசர்ஸ்' முழுவதும் அட்மினாக இருந்தது. அதாவது கம்பெனியில் லாகின் உள்ள எவரும். எடுக்கப் போனால் சூப்பர்வைசர் குறுக்கே நின்றார்: "தம்பி, அதுல கை வச்சா லேபிள் வராது. லாரி எல்லாம் வெளியே நிக்கும்." "நிக்காதுண்ணே, மத்தியானம் சாப்பாட்டு நேரம் மட்டும் குடுங்க" என்று வாங்கி, ஒரு மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, 'ஆக்சஸ் டினைட்' வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தோம். அந்தப் பழைய மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் தன் செட்டிங்ஸ் கோப்பில் எழுதப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தோம், லேபிள் வந்தது. ஃபோல்டர் முழுவதற்கும் கொடுத்திருந்தால் எவனாவது எக்ஸ்இ கோப்பையே மாற்றி வைக்கலாம். 'அட்மின் இல்லாமல் ஓடாது' என்ற பேச்சில் பெரும்பாலானது இந்த ரகம்தான் என்பது என் எண்ணம். வெண்டர்களும் அதைத்தான் சொல்வார்கள், அவர்களுக்கு அது சுலபம்!

பெயர்களோடு நிறுத்திவிடவும் கூடாது. கணினியோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல் என்றால், ஒரு கணினி விழுந்தாலே மற்றவையும் விழும். 2018-இல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தில் நடந்த ஊடுருவலில் சுமார் 15 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையைப் படியுங்கள். சிட்ரிக்ஸ் சர்வரில் (தொலைவிலிருந்து மென்பொருளைப் பயன்படுத்த உதவும் சர்வர்) இருந்த ஒரு லோக்கல் அட்மின் கணக்கும் அதில் வருகிறது. 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லிலேயே இரண்டு எழுத்தை மாற்றி வைத்ததுதான் அதன் கடவுச்சொல். இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து லாப்ஸ் என்ற லோக்கல் அட்மின் கடவுச்சொல் வசதி விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. கணினிக்குக் கணினி வேறு கடவுச்சொல் வைத்து, தானே மாற்றிக்கொள்ளும். அந்தக் கடவுச்சொல்லை யார் யார் படிக்கலாம் என்பதையும் ஆடிட்டில் சேருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தேவையில்லாத அட்மின் உரிமைகளை நீக்கும் வேலையை வெள்ளி சாயங்காலம் வைத்துக்கொள்ளாதீர்கள். நீக்கிய பிறகு குழுவில் ஆள் சேர்த்ததை விண்டோஸ் பதிவு செய்யும் 4732 என்ற ஈவெண்ட் எண்ணுக்கு அலர்ட் போட்டால், யாராவது திரும்பச் சேர்க்கும்போதே தெரிந்துவிடும்.

ஆடிட்டருக்குத் தரும் எக்செலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம், ஒப்புதல் தந்தவர், எந்தத் தேதி வரை என்று மூன்று பத்தி வையுங்கள். பதில் தராத கணினிகளைத் தனித் தாளில் போடுங்கள், மறைக்காதீர்கள். எங்களிடம் முதலில் கேட்டதே அந்தத் தாளைத்தான்.